வெள்ளிக்கிழமைக் கைமாற்று

வட்டிக்கடை குலசேகரன் வந்தால் தெருநாய்கூட ஒதுங்கும். அன்று அவர் இன்ஸ்பெக்டரையும் உலகநாதன் வீட்டுக்குக் கூட்டிவந்தார். ஓடிப்போன தம்பியின் பத்தாயிரம் ரூபாய்க் கடனுக்கு ஜாமீனாக, உலகநாதன் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டிருந்தார். அதில் இப்போது இரண்டு லட்சம் என்றிருந்தது.

"மார்ச் ஏழாந்தேதி என் கையாலேயே எண்ணிக் குடுத்தேன் சார். பணம் இல்லேன்னா வீட்டைக் காலி பண்ணட்டும்."

மகள் மாரிக்கனி சுவர்க் காலண்டரைப் பார்த்தாள்.

"முதலாளி, அப்பாவுக்கு மாத்திரை வாங்கணும். அம்பது ரூபா கைமாத்து குடுங்களேன்."

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா காசு கேக்கிறியே! முப்பது வருஷமா வெள்ளிக்கிழமை என் கையை விட்டு ஒத்தப் பைசா போனதில்ல. லட்சுமி போயிடுவா. ஊரையே கேட்டுப் பாருங்க சார்!"

மாரிக்கனி காலண்டரை மார்ச்சுக்குப் புரட்டினாள்.

"சார், ஏழாந்தேதி என்ன கிழமைன்னு நீங்களே பாருங்க."

வெள்ளிக்கிழமை.

இன்ஸ்பெக்டர் மெதுவாகக் குலசேகரன் பக்கம் திரும்பினார். குலசேகரன் அவசரமாக ஐம்பது ரூபாயை நீட்டினார்.

"மாத்திரை வாங்கிக்கம்மா..."

"வேண்டாங்க முதலாளி. இன்னிக்கு வெள்ளிக்கிழமை."