அவிழ்த்த கட்டு

கம்பம் பள்ளத்தாக்கில், திராட்சைப் பந்தல்களுக்கு நடுவே ஒரு சின்ன கன்னியர் மடம். அங்கே ஒரு வழக்கம் உண்டு. வார்த்தைப்பாடு என்னும் துறவற உறுதிமொழி கொடுக்கப்போகிறவர், அன்றைய பூசைக்கான திராட்சை ரசத்தைத் தன் கையாலேயே போட வேண்டும். ரசம் கெட்டுப்போனால் வார்த்தைப்பாடும் அடுத்த அறுப்புவரை தள்ளிப்போகும்.

ரெஜினா டீச்சர் தலைமையாசிரியையாக இருந்தவர். கணவர் போன பிறகு மடத்தில் சேர்ந்தார். தலைவி மதர் பெர்னதெத்தைவிட வயதில் மூத்தவர். ஒரு பள்ளிக்கூடத்தையே அதட்டி வைத்திருந்த மனுஷி, ரசம் ஊறும் ஒரு பீங்கான் பரணிக்கு முன்னால் ஆட்டம் கண்டுபோனார், பாவம்.

தன் வார்த்தைப்பாட்டுப் பூசைக்கு முந்தின நாள் காலை மதரிடம் ஓடிவந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"போச்சு மதர், எல்லாம் போச்சு. புளிச்ச வாடை அடிக்குது."

மதர் ஒரு கரண்டி எடுத்து நாக்கில் விட்டுப் பார்த்தார். சுத்தமான வினிகர்.

"பரணியக் கழுவினீங்களா?"

"வெந்நீர் ஊத்திக் கழுவி வெயில்ல காய வச்சேன். ஒரு சொட்டு ஈரம் இல்ல."

"பழம்?"

"அழுகினது ஒண்ணு விடாம பொறுக்கி எறிஞ்சேன்."

"நுரை அடங்கினதும் வடிகட்டி, காத்து புகாம வாயை இறுக்கிக் கட்டினீங்களா?"

"கட்டினேன்." டீச்சரின் குரல் இறங்கியது. "அப்புறம் அவிழ்த்தேன்."

"எதுக்கு?"

"உள்ள கெட்டுப்போயிருக்குமோன்னு பயம் மதர். மோந்து பாத்துட்டுத் திரும்பக் கட்டிடுவேன்."

"எத்தனை தடவை?"

"தினமும். சில நாள் சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு தரம், பின்னாடி ஒரு தரம்."

மதர் திட்டவில்லை. இருந்ததை ஊறுகாய்க்கு ஆகும் என்று சமையலறைக்குக் கொடுத்தனுப்பினார். பரணியைக் கழுவித் துடைத்து டீச்சர் முன்னால் வைத்தார்.

"அடுத்த அறுப்புக்கு மறுபடி போடுங்க."

"இந்த வயசுல எனக்கு அடுத்த அறுப்பு உண்டோ இல்லையோ!" டீச்சருக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "அதவிடப் பெரிய பயம் ஒண்ணு இருக்கு மதர். வார்த்தைப்பாடு கொடுத்தப்புறம் ஒருநாள் விசுவாசமே இல்லாமப் போயிட்டா? காலையில கண்ணு முழிச்சதும் அது இருக்கான்னுதான் முதல்ல தேடறேன். நெனச்சாலே குலை நடுங்குது. உங்களுக்கு அந்தப் பயம் இல்லையா?"

மதர் துணியை உதறி மடித்து, காலிப் பரணியின் வாயை மூடினார்.

"இருக்கு டீச்சர். தினமும் இருக்கு. நான் கட்டை அவிழ்க்கிறதில்ல, அவ்வளவுதான்."