வெள்ளைத்துரை பீரோ விற்ற விதம்

ஊசிலாங்குளத்தில் வெள்ளைத்துரை, சீனித்துரை என்று அண்ணன் தம்பி இருவர் உண்டு. இறைவன் இருவருக்கும் சேர்த்து அளந்த மூளை ஒருவருக்கே காணாது.

மூத்தவனுக்கு வெள்ளிக்கிழமை திருமணம். பெண்வீட்டுச் சீராகப் புது பீரோ வரவிருந்தது. வீட்டில் இருந்ததோ ஒரே அறை. அதையும் பழைய பீரோ அடைத்துக்கொண்டு நின்றது. "பீரோவுக்கே எடமில்லாத வீட்டுல எம் மகளுக்கு எங்க எடம்? பழச வெளியேத்தலைன்னா கல்யாணமில்ல" என்று மாமனார் அருளாண்டி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். ஆகவே வெள்ளைத்துரை அதைக் கைப்பேசியில் படம்பிடித்து விற்பனைக்குப் போட்டான்.

செல்போன் கடைக்காரர் புத்தி சொன்னார்: "நாலு பேரு நடமாடுற எடத்துல வச்சுக் காட்டுங்க. வாரவன் அடிமாட்டு வெலைக்குக் கேப்பான். இன்னொருத்தரும் கேக்காருன்னு சொல்லுங்க."

சகோதரர் கூடி ஆழ்ந்து ஆலோசித்தனர்.

"ஏல, இன்னொருத்தர் யாருமே கேக்கலையே. பொய்யா சொல்ல?"

"கல்யாணத்த வச்சிக்கிட்டுப் பொய் சொல்லாதண்ணே. நானே கேக்கேன். அப்பப் பொய்யில்லைலா?"

தம்பியின் நேர்மையை எண்ணி வெள்ளைத்துரைக்குக் கண் கலங்கிற்று.

மறுநாள் பீரோ தட்டுவண்டியேறிப் பேருந்து நிலையம் சென்றது. வாங்க வந்த மாசானம், படத்தைப் பார்த்தே விடிய விடியக் கேள்வி கேட்டுக் கழுத்தறுத்தவர். நேரில் கதவைத் தட்டினார், முகர்ந்தார், பெண் பார்க்க வந்தவரைப் போல் சுற்றிவந்து உதட்டைப் பிதுக்கினார்.

"படத்துல பெருசா இருந்துச்சே வே? சரி, சொன்னதுல பாதி தாரேன்."

"நான் முழுசாத் தாரேன்" என்றான் சீனித்துரை.

"நீரு யாருவே?"

"இன்னொருத்தர்."

மாசானம் ஏறினார், சீனித்துரை அதற்கும் மேலே ஏறினான். கடைசியில் மாசானம், வெள்ளைத்துரை சொன்ன விலைக்கு மேலேயே ஐந்நூறு தருவதாக நின்றார். சீனித்துரை ஆயிரம் என்றான்.

"நீங்களே கட்டிக்கிட்டு அழுங்கல!" என்று மாசானம் வந்த பேருந்தில் தாவி ஏறினார்.

"ஜெயிச்சிட்டேம்ணே!" என்று கூவிய சீனித்துரை, அண்ணனிடமே கைமாற்று வாங்கி அண்ணனுக்கே முன்பணம் கொடுத்தான். நல்ல விலை படிந்த பூரிப்பில் இருவரும் பீரோவை வீட்டுக்கே உருட்டி வந்தனர்.

வாங்கியவனாகிவிட்டபடியால், வாங்குகிறவர்களுக்கே உரிய திமிரும் சீனித்துரையிடம் வந்து சேர்ந்தது. "கதவு கிறீச்சுங்குது. எண்ணெய் போட்டு வையும் வே. பொறவு எடுத்துக்கிடுதேன்" என்று பீரோவை இருந்த இடத்திலேயே நிறுத்திவிட்டான்.

வியாழனன்று சீர் லாரி வந்து நின்றது. அருளாண்டி எட்டிப் பார்த்தார்.

"பழசு இன்னும் நிக்குதே மாப்பிள்ள?"

"அது வித்தாச்சு மாமா. அடுத்தவன் பொருளு, நாம தொடப்பிடாது."

"அப்ப வாங்குனவன எடுத்துட்டுப் போகச் சொல்லும்! இப்பவே போனப் போடும்! இல்லைன்னா லாரியத் திருப்பிருவேன்!"

வெள்ளைத்துரை கைப்பேசியை எடுத்து எண்ணை அழுத்தினான். அவன் முழங்கையருகே நின்ற சீனித்துரையின் சட்டைப்பையில் மணியடித்தது. சீனித்துரை முகத்தைச் சுளித்தபடி எடுத்துக் காதில் வைத்தான்.

"வெளியூர்ல கெடக்கேன் வே. அடுத்த வாரம் பாப்போம்" என்று சொல்லித் துண்டித்தான்.

வெள்ளைத்துரை மிகுந்த வருத்தத்துடன் மாமனாரிடம் கைவிரித்தான்.

"ஆளு ஊர்ல இல்லையாம் மாமா."