வரிசை தப்பிய கத்தாழை

"அந்த சர்வேயருக்குக் கண்ணு அவிஞ்சு போச்சுங்கம்மா," என்றார் செங்கோடன்.

பாறைமடத்து அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவரைவிட இருபது வயது இளையவள். ஆனாலும் பத்து வருடமாக அவள்தான் அவருக்குக் குரு.

"எதைப் பாக்க வந்தாரு?"

"எங்க தோட்டத்து மூலையில இருவது சென்ட் இடுகாடுங்க. அஞ்சு தலைமொற அங்கதான் படுத்திருக்குது. பங்காளி அதையும் சேத்து விக்கப் பாக்கறான். சர்வேயர் வந்து, 'ஒரு சமாதி எடத்தையாவது காட்டுங்க'ன்னாரு. நாலு பக்கமும் கை காட்டுனேன். வெறும் நெலம்னு எழுதிட்டுப் போயிட்டாரு!"

"கல்லு இல்லையா?"

"கல்லு நடற வசதி ஏதுங்க அந்தக் காலத்துல?"

"வேற என்ன இருந்துச்சு?"

"பொதர்தானுங்க. ஆபீசர் வர்றாரேன்னு முந்தின நாளே ஜேசிபி விட்டு வழிச்சுட்டேன். உள்ளங்கையாட்டம் பண்ணி வெச்சேனுங்க!"

சொல்லும்போதே நெஞ்சு நிமிர்ந்தது. சொந்தக்காரர் ஒருவரும் எட்டிப் பார்க்காத இடத்தைத் தான் ஒருத்தனே காப்பாற்றுகிற பெருமை. அதை யாரிடமாவது சொல்லியாக வேண்டும் என்றுதான் இந்த வெயிலில் பாறை ஏறி வந்திருந்தார்.

"என்ன பொதரு?"

"கத்தாழைங்க. நட்டு வெச்சாப்பல வரிசையா நின்னுது. ஒரே இழுப்புல வந்துருச்சு. ஒண்ணே ஒண்ணு மட்டும் வரிசைய விட்டு மூணடி தள்ளி. அதுக்குன்னு வண்டியத் திருப்ப வேண்டியதாப் போச்சு."

அம்மாவின் கை கீரையில் நின்றது.

"அது ஏன் தள்ளி நின்னுது?"

"அதுங்களா..."

அதை நட்ட நாள் செங்கோடனுக்கு இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அப்போது அவருக்கு ஒன்பது வயது. தங்கச்சி பழனாத்தாளுக்கு மூன்று. காய்ச்சலில் போய்விட்டாள். கல்லுக்குப் பதிலாகத் தலைமாட்டில் ஒரு கத்தாழை நடுவது அவர்கள் வீட்டு வழக்கம். மண் மூடியதும் அப்பா கன்றை அவர் கையில் கொடுத்தார். அழுத அழுகையில் செங்கோடன் அதைக் கால்மாட்டில் நட்டுவிட்டார். மாற்றி நடப் போனவர்களை அப்பா தடுத்தார்.

"உடுங்க. அண்ணன் நட்டதுன்னு தனியாத் தெரியட்டும்."

செங்கோடன் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

"அத்தனை பேரையும் நானே வழிச்சுப் போட்டுட்டனுங்கம்மா."

அம்மா எழுந்தாள். மடத்து வாசலில் திருஷ்டிக்கு ஒரு கத்தாழை தலைகீழாகத் தொங்கியது. சாமியாருக்கும் கண் படும் போலிருக்கிறது. மண்ணே இல்லாமல் அது குருத்து விட்டிருந்தது. அதை அவிழ்த்து அவர் கையில் வைத்தாள்.

"இந்தத் தடவை தலைமாட்டுலயே நடுங்க."

"சரிங்கம்மா."

"வாங்க, நானும் வர்றேன். எடத்தக் காட்டுங்க."

சர்வேயரும் அதைத்தான் கேட்டிருந்தார்.