தளபதி மீசையில் கட்டிய கடிவாளம்

ஒரு காலத்திலே மத்தளூர் என்கிற நாட்டைச் சுந்தரவழுதி என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான், ஆனால் சங்கீதப் பைத்தியம். மனசுக்குள் எந்நேரமும் ஒரு பாட்டு ஓடும். கை அதற்குத் தாளம் போடும். சாப்பிடும்போது போட்டார், ரசம் தெறித்தது. தீர்ப்புச் சொல்லும்போது போட்டார், அடிக்கத்தான் வருகிறார் என்று பயந்து திருடன் செய்யாத திருட்டையும் ஒப்புக்கொண்டான். அதுவரைக்கும் நாட்டுக்குப் பெரிய நஷ்டமில்லை.

குதிரை ஏறினார் பாருங்கள், அங்கேதான் வந்தது வினை.

மந்திரி ஆதிநாயகம் பார்த்துப் பார்த்து வாங்கிய கறுப்புக் குதிரை அது. பெயர் கார்மேகம். பூப்போல வாய், சுண்டுவிரல் அசைந்தாலே புரிந்துகொள்ளும். ராஜாவோ கடிவாள வாரைப் பிடித்தபடியே தாளம் போட்டார். தொடையில் தட்டினால் வார் இழுபடும். நிற்கச் சொல்கிறார் என்று குதிரை நிற்கும். கையை வீசினால், திரும்பச் சொல்கிறார் என்று திரும்பும். தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. கடைவீதி நடுவே பம்பரமாய்ச் சுற்றி, ராஜாவைப் பூசணிக்காய்க் குவியலில் உட்காரவைத்துவிட்டது.

ராஜா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சபைக்கு வந்தார். தளபதி சண்டமாருதருக்கு உள்ளுக்குள் தேரோட்டம். மந்திரிமேல் அவருக்குப் பழைய புகைச்சல்.

"சவாரியில் தங்களை மிஞ்ச ஆளுண்டா, மகாராஜா? குதிரைக்குத்தான் கோணல் புத்தி. வாங்கினவர் புத்தி எப்படியோ, அப்படி!" என்று கொத்து மீசையை நீவிவிட்டார்.

"சுற்றத்தானே அதற்கு ஆசை?" என்றார் ராஜா. "நாளை மறுநாள் நகர்வலத்தில் நேராக நடக்காவிட்டால் செக்கில் கட்டுங்கள். மந்திரியாரே, துணைக்கு நீரும் சுற்றும்!"

குற்றம் ராஜாவின் கையில் என்று ஆதிநாயகத்துக்குத் தெரியும். முன்பு அதை வாய்விட்டுச் சொன்ன லாயக்காரன் இன்னும் யானைக்கொட்டிலில் சாணி அள்ளுகிறான். அதோடு, எண்ணெய்ச் செக்கு வாடையே மந்திரிக்கு ஆகாது. தும்மல் வரும்.

"உண்மைதான் மகாராஜா, புத்தியில்லாத மிருகம்" என்றார். "தளபதியாரைப்போல ஒரு குதிரை கிடைத்திருந்தால்..."

"யாரய்யா குதிரை?" என்று சீறினார் தளபதி.

"கோபிக்காதீர். மகாராஜாவின் குறிப்பறிந்தவர் உம்மைவிட யார்? அவர் கயிறு பிடிக்க, நீர் நேராக நடந்து காட்டினால் போதும். குதிரைமேல்தான் குற்றம் என்று ஆகிவிடும். இன்றைக்கே நான் செக்குக்குப் போகிறேன்."

தளபதிக்கு வெல்லக்கட்டியாய் இனித்தது. "நூல் பிடித்தாற்போல் நடக்கிறேன்!"

"கயிற்றை எதில் கட்டுவது?" என்றார் ராஜா.

"ஆண்டவன்தான் இரண்டு பக்கமும் பிடி வைத்தே படைத்திருக்கிறானே" என்றார் மந்திரி, மீசையைப் பார்த்தபடி.

மீசை நுனிகளில் பட்டுக்கயிறு கட்டினார்கள். தளபதி நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். ராஜா பின்னால் நடந்தார். கொஞ்ச தூரத்தில் மனசுக்குள் பாட்டு வந்தது. தட்டினார்.

"ஐயோ!" தளபதி நின்றார்.

வீசினார்.

"அம்மா!" தளபதி திரும்பினார்.

தட்டு, வீச்சு, ஐயோ, அம்மா. சுற்றிச் சுற்றித் தூணில் மோதி, அரண்மனை ஜோசியர் மடியில் போய் உட்கார்ந்தார் தளபதி.

"ஏனய்யா நின்றீர்? நான் நிற்கச் சொல்லவில்லையே!"

"சொன்னீர்களே! இழுத்தால் நிற்காமல் என்ன செய்வேன்? மூக்கும் கூட வந்துவிடும் போலிருக்கிறது, கையைச் சும்மா வைத்துக்கொண்டு தொலையுங்கள்!"

மந்திரி உத்தரத்தில் பல்லி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ராஜா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்படியானால்... கார்மேகத்துக்கும் இப்படித்தான் வலித்ததா?"

"அது வாயில்லாப் பூச்சி, மகாராஜா. தளபதியார் வாய்விட்டுச் சொன்னார்" என்றார் மந்திரி.

ராஜா சிரித்த சிரிப்பில் கயிறு குலுங்கியது. தளபதி மறுபடி அலறினார்.

ராஜாவின் கை பழகுவதற்காக நகர்வலம் வரைக்கும் தளபதிதான் குதிரை. கயிறு தொய்யவும் கூடாது, இறுகவும் கூடாது. அவர் தலை போகிற பக்கம் ராஜாவின் கை கூடவே போகவேண்டும். ஐயோக்கள் முனகலாகி, முனகல் பெருமூச்சாகி, கடைசியில் சத்தமே இல்லாமல் மண்டபத்தைச் சுற்றிவந்தார்கள்.

நகர்வலத்தன்று கார்மேகம் வாய்க்கால் தண்ணீர்போல நேராகப் போனது. கடைவீதியில் ராஜாவுக்குப் பாட்டு வந்தது. மந்திரி கண்ணை மூடிக்கொண்டார். கை அசையவில்லை! ஆனால் தாளம் எங்காவது போகவேண்டுமே, தலைக்குப் போனது. கிரீடம் கழன்று பூசணிக்காய்களுக்கு நடுவே உருண்டது. குதிரை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மந்திரிக்கு முத்துமாலை, கார்மேகத்துக்கு வெல்லம். "தளபதியாரே, என் கை இனிமேல் குதிரைக்குச் சொந்தம். தாளம் நீர் போடும்" என்றார் ராஜா.

அதுமுதல் மத்தளூர் நகர்வலத்தில் முன்னால் ஜால்ராவோடு சண்டமாருதர், பின்னால் கார்மேகம். மீசை என்னாயிற்று என்றா கேட்கிறீர்கள்? இடப்பக்கம் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது.