பதினொரு பாகத்துக் கயிறு

கதையை நிதானமாகத்தான் சொல்லப்போகிறேன். ஆனால் கடைசியில் ஒரு கேள்வி கேட்பேன். அப்போது திருதிருவென்று முழிக்கக் கூடாது. இப்போதே கயிற்றின் மேல் ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள்.

தேரியின் செம்மணல் மேடு கடலைத் தொடுகிற ஒரு கரையில் கஸ்பார் என்றொரு எஞ்சின் மெக்கானிக் இருந்தான். கைராசிக்காரன். அவனுடைய உயிர்த்தோழன் இஞ்ஞாசி. இஞ்ஞாசியிடம் ஒரு மர வள்ளமும் அதில் நாற்பது குதிரைசக்திப் பழைய டீசல் எஞ்சினும் இருந்தன. தனியாளாகக் கடல்தொழிலுக்குப் போகிறவன் என்பதால் அவன் ஒரு காரியம் செய்து வைத்திருந்தான். எஞ்சினை அணைக்கும் லீவரில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையைத் தன் இடுப்பில் முடிந்துகொள்வான். தவறி விழுந்தால் கயிறு இழுக்கும், எஞ்சின் நிற்கும், நீந்தி வந்து ஏறிக்கொள்ளலாம். வலையின் மேல்விளிம்பில் கட்டுகிற, தண்ணீரில் மிதக்கிற கயிறு அது.

"எவன் வந்து சொன்னாலும் இதுக்கு சக்தி ஏத்திராத, மச்சான். வள்ளம் தாங்காது" என்று இஞ்ஞாசி அடிக்கடி சொல்வான்.

"மாதா மேல சத்தியமா ஏத்த மாட்டேன், போதுமாலே?" என்பான் கஸ்பார்.

ஓர் ஐப்பசியில் வள்ளம் மட்டும் மிதந்து கிடைத்தது, பதினொரு பாகம் ஆழமுள்ள இடத்தில்; பாகம் என்றால் இரு கையும் விரித்த நீளம். எஞ்சின் நின்றிருந்தது. டாங்கியில் பாதி டீசல் இருந்தது. கயிறு வெளியே மிதந்துகொண்டிருந்தது. முனையில் முடிச்சு அவிழ்ந்து போயிருந்தது. கயிறு தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது, ஆள்தான் இல்லை. உடலும் ஒதுங்கவில்லை.

இஞ்ஞாசியின் மனைவி பிரகாசிக்கு மிஞ்சியது அந்த வள்ளம் ஒன்றுதான். அவனுடைய அண்ணன் தொபியாஸ் அவளுக்காக அதை ஓட்டினான். புதுப் படகுகளெல்லாம் முந்திக்கொண்டு கரை சேர்ந்து ஏலத்தை முடித்துவிட, இவள் மீன் கருவாட்டுக்குத்தான் போயிற்று. பொறுத்துப் பார்த்தவள் ஒருநாள் கஸ்பாரிடம் வந்து நின்றாள்.

"எஞ்சினுக்கு சக்தி ஏத்திக் குடுங்கண்ணே. ஆனா அவரு கட்டுன கயிற மட்டும் அவுத்துராதீங்க."

 கஸ்பார் செத்தவனுக்குக் கொடுத்த சத்தியம் ஒரு பக்கம், வீட்டில் உலை வைக்க வழியில்லாதவள் ஒரு பக்கம். கயிற்றைத் தொடுவதில்லை என்று அவளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வேலையில் இறங்கினான். சிலிண்டரைக் குடைந்து அகலமாக்கினான், பெரிய பிஸ்டன் போட்டான், டீசல் பம்பின் முத்திரையை உடைத்து டீசலைக் கூட்டினான். நாற்பது அறுபதானது. கடைசியாக, எஞ்சின் உட்காரும் அடிக்கட்டையைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தான். 'டொக்'கென்று உளுத்த சத்தம். கட்டையை மாற்றுவதென்றால் ஒரு மாதம் போய்விடும். வாசலில் பிரகாசி காத்து நிற்கிறாள். ஒரு சீசன் தாங்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போல்ட்டை முறுக்கினான். யாரிடமும் மூச்சு விடவில்லை.

கரையை ஒட்டிப் பாறை என்பதால் பதினொரு பாகம் வரைக்கும் மெதுவாகத்தான் போக வேண்டும். அங்கே போய்த் தொபியாஸ் முழு வேகம் கொடுத்ததும் எஞ்சின் பொசுக்கென்று நின்றது. மறுபடி கிளப்பினான், மறுபடி நின்றது. பாதி வேகத்தில் போனால் மட்டும் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. மூன்று நாளும் இதே கூத்து. எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்த தொபியாஸ் வேறெதையும் கவனிக்கவில்லை. கஸ்பார் பிரித்துப் பார்த்தான். எஞ்சினில் ஒரு பழுதும் அகப்படவில்லை. நான்காம் நாள் அவனே கூடப் போனான்.

நல்ல பட்டப்பகல். கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் அசையாமல் கிடந்தது. பதினொரு பாகம் வந்தது. தொபியாஸ் முழு வேகம் கொடுத்தான். லீவரில் கட்டியபடியே ஆணியில் சுருட்டி மாட்டியிருந்த கயிறு தானாக நழுவியது. சுற்றுச் சுற்றாக இறங்கி, பலகையில் ஊர்ந்து, விளிம்பைத் தாண்டித் தண்ணீருக்குள் போனது. மிதக்கிற கயிறு, கல்லைக் கட்டிவிட்டதுபோல் நேர்கீழே இறங்கியது. பிறகு விறைத்தது. லீவர் சாய்ந்தது. எஞ்சின் நின்றது.  அந்த அமைதியில், காலடியில் அடிக்கட்டை முனகுவது கஸ்பாரின் காதில் விழுந்தது. அதையும் அவன் சொல்லவில்லை.

தொபியாஸ் கத்தியை உருவினான்.

"வெட்டாதண்ணே! பிரகாசிக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

"போலே, நீயும் ஒன் வாக்கும்! செத்தவன் இழுக்க இழுக்க நின்னுக்கிட்டிருந்தா அவ வீட்டு அடுப்பு எப்படி எரியும்?"

வெட்டிவிட்டான். வெட்டுப்பட்ட முனை மெதுவாகக் கடலுக்குள் போனது. இழுத்துக்கொண்டு போகிறவனுக்கு அவசரமே இல்லை. வள்ளம் அறுபது குதிரை வேகத்தில் பாய்ந்தது. ஒரு மைல்கூடத் தாண்டவில்லை. அடிக்கட்டை படீரென்று பிளந்தது, எஞ்சின் புரண்டது, பலகை பெயர்ந்து கடல் உள்ளே வந்தது. பக்கத்தில் வலை போட்டிருந்தவர்கள் இருவரையும் தூக்கிவிட்டார்கள். வள்ளம் போனது போனதுதான்.

கரையில் பிரகாசி அழவில்லை, ஏசவில்லை. "கயிறு எங்கண்ணே?" என்று மட்டும் கேட்டாள்.

இப்போது சொல்லுங்கள். சக்தி கேட்டவள் பிரகாசி, ஏற்றியவன் கஸ்பார், கயிற்றை வெட்டியவன் தொபியாஸ். இந்த மூவரில் அந்த வள்ளத்தை மூழ்கடித்தது யார்?

தொபியாஸ் என்று சட்டென்று சொல்லியிருப்பீர்கள். இல்லை. கட்டை உளுத்தது அவனுக்கும் தெரியாது, பிரகாசிக்கும் தெரியாது. தெரிந்தவன் கஸ்பார் ஒருவனே. பாதி வேகத்தில் போனபோது கயிறு சும்மா இருந்ததே, கவனித்தீர்களா? இஞ்ஞாசி வழியை மறிக்கவில்லை; வள்ளம் தாங்குகிற அளவுக்கு மேல் போகாதே என்றுதான் இழுத்தான். 'வாக்குக் கொடுத்திருக்கிறேன்' என்று சொல்ல வந்த வாய்க்கு, 'கட்டை பிளக்கப் போகிறது' என்று சொல்ல வரவில்லை. சொல்லியிருந்தால் தொபியாஸ் வேகத்தைக் குறைத்திருப்பான். வள்ளம் மூழ்கிய எட்டாம் நாள் அந்தக் கயிறு கஸ்பாரின் பட்டறைக்கு நேரே கரை ஒதுங்கியது. அவிழ்ந்து கிடந்த முனையில் இப்போது முடிச்சு விழுந்திருந்தது, ஓர் ஆளின் இடுப்பளவுக்கு. அதைப் பிரகாசியின் கையில் கொடுத்துவிட்டுத்தான் கஸ்பார் அந்த 'டொக்' சத்தத்தைப் பற்றி முதன்முதலாக வாய் திறந்தான். முடிச்சைப் போட்டது யார் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.