காதுக்குள் ஒரு விசில்காரன்

"அம்மா, என் காதுக்குள்ளே ஒருத்தன் உட்கார்ந்து விசில் ஊதுறான். நிறுத்த மாட்டேங்கிறான்."

தவில்காரர் குஞ்சிதபாதம் இதைச் சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

உமையாள் அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அரிசிலாற்றங்கரையில் அவருடைய மடம் என்பது ஒரு கூடமும் ஓர் அடுப்படியும்தான். வயதில் குஞ்சிதபாதத்துக்குத் தங்கை போல. ஆனால் உபதேசம் கொடுத்தவர் அம்மை, வாங்கியவர் குஞ்சிதபாதம்.

"எப்போ வந்தான் ஐயா?"

"பங்குனித் திருவிழா முடிஞ்சு. பகல்லே பரவாயில்லை. தியானத்துலே உட்கார்ந்தா போதும், அவன் கச்சேரி ஆரம்பம்."

"நல்லா ஊதுறானா?"

"ஒரே சுரம். என் தம்பி இப்படி நாகஸ்வரம் ஊதியிருந்தா மேடையை விட்டே இறங்கியிருப்பேன்."

அம்மை சிரித்தார். குஞ்சிதபாதம் சிரிக்கவில்லை.

"விளையாட்டில்லைம்மா. தம்பி சிவகுரு நாகஸ்வரத்துலே மெல்ல இழுக்கிற இடமெல்லாம் இப்பவே எனக்கு நழுவுது. காது போயிட்டா தவிலை உறையிலே போட்டுட்டுச் சும்மா கிடக்கணும். வேற தவில் பார்த்துக்கடான்னு அவன்கிட்ட சொல்லிடலாமான்னு..."

பையைக் கவிழ்த்தார். மாத்திரை டப்பாக்கள் உருண்டன.

"அதுக்குத்தான் இத்தனையும்."

அம்மை ஒன்றை எடுத்தார்.

"இது?"

"ஜிங்க். மோர்சிங்காரர் சொன்னார்."

"இது?"

"மெக்னீசியம். போன்லே ஒரு வீடியோ வந்தது."

"இந்த மஞ்சள் உருண்டை?"

தயங்கினார். "மீன் எண்ணெய்."

"நீங்க சைவமாச்சே."

"கண்ணை மூடிக்கிட்டு முழுங்கிடுவேன்."

"காதுக்குத்தானே? கண்ணை ஏன் மூடணும்?"

அவர் உருண்ட டப்பாக்களைப் பொறுக்கி வரிசையாக வைத்தார்.

"டாக்டர் கொடுத்தது எது?"

ஒரு சின்ன அட்டையைத் தள்ளினார். "பி12. ரத்தத்துலே குறைச்சலாம். மத்ததைச் சாப்பிட்டா சத்தம் நிற்கும்னு சொல்ல ஆதாரம் இல்லைங்கிறார். அவரு சின்னப் பையன்மா."

"நானும் சின்னவதான்."

"நீங்க வேற."

அம்மை அந்த அட்டையை மட்டும் அவர் கையில் வைத்தார்.

"காலையிலே என்ன சாப்பிட்டீங்க?"

"இதுகளை முழுங்கித் தண்ணி குடிச்சதுலேயே வயிறு நிறைஞ்சிடுதும்மா."

அம்மை எழுந்துபோய் இலை போட்டார். சோறு, கீரை மசியல், எள்ளுத் துவையல். குஞ்சிதபாதம் இரண்டாம் முறையும் சோறு கேட்டு வாங்கினார்.

"விசில்காரன் எங்கே?"

"இங்கேதான் இருக்கான். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருக்கான்."

"டாக்டர் வேற ஒண்ணும் சொல்லலையா?"

குஞ்சிதபாதம் துவையலை வழித்தார்.

"ரப்பர் தக்கை ஒரு ஜோடி கொடுத்தார். தவில் சத்தம் காதைக் கெடுக்காம இருக்க, வாசிக்கிறப்போ காதுலே வெச்சுக்கணுமாம். அதோ, டப்பாக்களோடதான் கிடக்கு. தவில்காரன் காதை அடைச்சுக்கிட்டு உட்கார்ந்தா ஊர் சிரிக்காதாம்மா? இவன் அடி இவனுக்கே தாங்கலைன்னு."

அம்மை அவருடைய வலது கையைப் பார்த்தார்.

"வாசிக்கிறப்போ இந்த விரல்லே என்னமோ மாட்டிக்குவீங்களே."

"கூடு. துணியைப் பசை தடவிச் சுத்திக் காயவெச்சது. வெறும் விரலாலே அடிச்சா பிஞ்சுடும்."

"ஊர் சிரிக்குமா?"

"கூடு இல்லாம போனாத்தான் சிரிக்கும்."

"ஓ."

அம்மை அவருக்கு மோர் ஊற்றினார்.

"அப்போ விரலுக்கு எந்த மாத்திரை சாப்பிடுறீங்க?"

குஞ்சிதபாதம் தன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மோர் இலை விளிம்புவரை ஓடிற்று. அவர் அதைக் கவனிக்கவில்லை.

இடது கையால் தக்கையை எடுத்துப் பார்த்தபடி கேட்டார்: "தக்கை வெச்சா விசில் நிற்குமாம்மா?"

"தெரியாது."

"தம்பி ஊதுறது கேட்குமா?"

"குறைவாத்தான் கேட்கும்."

"அப்புறம் எப்படி வாசிக்கிறது?"

"சாயந்தரம் வாசிச்சுப் பாருங்க."

அன்று கோயிலில் பிரதோஷம். சிவகுரு நாகஸ்வரத்தோடு வந்தான். அண்ணனும் தம்பியும் எப்போதும்போலச் சனங்களைப் பார்த்தபடி பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

குஞ்சிதபாதம் தக்கையைக் காதில் வைத்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவரும் கவனிக்கவே இல்லை.

நாகஸ்வரம் ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வருவதுபோல வந்தது. முதல் அடி பிந்தியது. இரண்டாவதும்.

மெல்ல இழுக்கிற இடம் நெருங்கியது.

குஞ்சிதபாதம் தவிலோடு தம்பி பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

கன்னம் உப்புவது தெரிந்தது. கழுத்து நரம்பு தெரிந்தது. விரல் துளையை விட்டு எழும்புமுன் புருவம் எழும்பியது. அங்கே அடி விழுந்தது. சரியாக விழுந்தது.

அதற்கப்புறம் அவர் சனங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

தீபாராதனை முடிந்தது. குஞ்சிதபாதம் தக்கையை எடுத்துவிட்டுத் தம்பியிடம் கேட்டார்.

"ஆரம்பத்துலே ரெண்டு இடம் தப்பிடுச்சு. தெரிஞ்சுதா?"

சிவகுரு நாகஸ்வரத்தின் சீவாளியைத் துடைத்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"அதை விடுங்கண்ணே. இத்தனை வருஷத்துலே இன்னைக்குத்தான் என் முகத்தைப் பார்த்து வாசிச்சீங்க."