நாணலில் மறைத்த குஞ்சு

பெரிய காட்டின் நடுவே ஓர் ஏரி இருந்தது. அதன் கரையில் பறவைக் குஞ்சுகளுக்கு இரண்டு பள்ளிகள் நடந்தன. ஒன்றில் பொன்னலகி என்ற நாரை ஆசிரியை. மற்றொன்றில் கருமேனி என்ற நீர்க்காகம் ஆசிரியர். இரண்டுமே சிங்கராஜாவின் பள்ளிகள்.

ஒரு கோடையில் ஏரி வற்றியது. பறக்கத் தெரிந்தவர்கள் மலைக்கு அப்பால் ஓடும் ஆற்றுக்குப் போய்விட்டார்கள். கருமேனியின் மாணவர்களில் பலருக்குப் பறக்கவே தெரியவில்லை. அவர்கள் சேற்றில் சிக்கிச் செத்துப்போனார்கள்.

சிங்கராஜா விசாரித்தார். கருமேனி பகல் முழுவதும் சிறகை விரித்துக் காயவைத்தபடியே தூங்குவானாம்! ராஜாவுக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

"இனி பள்ளிகளை அளக்கப்போகிறேன்!" என்று கர்ஜித்தார். "பருவத்துக்கு ஒரு தரம் மரங்கொத்தி வருவார். குஞ்சுகள் மருதமரத்திலிருந்து அக்கரைப் பாறைவரை பறந்து காட்டவேண்டும். முடியாத குஞ்சுக்குச் சிறகு வைத்தியம் தெரிந்த அரிவாள்மூக்கன் பறவையை அனுப்புவேன். ஆனால் ஒரு குஞ்சு தோற்றாலும் அந்த ஆசிரியரின் வேலை போய்விடும்!"

மழை பெய்து ஏரி நிரம்பியது, பறவைகளும் திரும்பின. சட்டத்தின் பலன் உடனே தெரிந்தது. கருமேனி தூக்கத்தை விட்டான். விடிந்ததும் குஞ்சுகளைக் கிளையில் ஏற்றிவிட்டு, "அடி, அடி! இன்னும் வேகமாகச் சிறகை அடி!" என்று கத்தினான். ஏரியே கலகலப்பாக இருந்தது.

பொன்னலகிக்கு மட்டும் ஒரு கவலை. அவளிடம் துளிரன் என்ற நாரைக் குஞ்சு படித்தான். அவனுக்கு இடது சிறகு சரியாக விரியாது. பொன்னலகி அவனைத் தனியாக வைத்துக்கொண்டு பழக்கினாள். அவனும் சளைக்காமல் குதித்தான், விழுந்தான், மறுபடி ஏறினான். பாதி ஏரியைக்கூடத் தாண்ட முடியவில்லை.

கருமேனி இதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"அக்கா, இவனால் உன் வேலை போகப்போகிறது!" என்றான்.

"நான் என்ன செய்யட்டும்? பிள்ளை முயற்சி பண்ணுகிறானே!"

"அளக்கிற அன்றைக்கு இவனை நாணலுக்குள் அனுப்பிவிடு. வராதவனை யார் அளக்கப் போகிறார்கள்? நானும் இரண்டு பேரை அப்படித்தான் அனுப்பப்போகிறேன்."

"சீ! அது பொய்யில்லையா?"

"நீ போய்விட்டால் மற்றக் குஞ்சுகளை யார் பார்த்துக்கொள்வார்கள்?"

அந்தக் கேள்வி பொன்னலகியை அசைத்துவிட்டது. துளிரனின் தாயிடம் போய், "இந்த ஒரு தரம் மட்டும். அடுத்த பருவத்துக்குள் இவனைப் பறக்க வைத்துவிடுவேன்" என்றாள். தாய் நம்பினாள்.

மரங்கொத்தி வந்தார். குஞ்சுகள் ஒவ்வொன்றாக ஏரியைக் கடந்தன. அவர் மருதமரத்தில் டொக் டொக் என்று கொத்திக் கணக்கு வைத்தார்.

"இவ்வளவு பேர்தானா?"

"இவ்வளவு பேர்தான் ஐயா!" என்றாள் பொன்னலகி.

"அருமை! ஒருவர்கூடத் தோற்கவில்லை!"

நாணலுக்குள் துளிரன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

அடுத்த பருவமும் வந்தது. பாராட்டு வாங்கிய பள்ளி இப்போது பெயரைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. பொன்னலகி பறக்கிற குஞ்சுகளையே மேலும் பழக்கினாள். துளிரனைக் கவனிக்க நேரமில்லை. அளக்கும் நாளன்று அவன் தானாகவே நாணலை நோக்கி நடந்தான்.

"டீச்சர், நான் எப்போது பறப்பேன்?" என்று திரும்பிப் பார்த்துக் கேட்டான்.

"அடுத்த தரம்டா, கண்ணு" என்றாள் அவள், அவன் முகத்தைப் பார்க்காமல்.

மறுபடியும் கடுங்கோடை வந்தது. ஏரி சுருங்கத் தொடங்கியது. சிங்கராஜா மரங்கொத்தியைக் கூப்பிட்டார்.

"பறக்க முடியாதவர்களைச் சுமந்துபோக ஏரிக்கு யானைகளை அனுப்பட்டுமா?"

"தேவையே இல்லை, ராஜா! அங்கே எல்லாக் குஞ்சுகளும் பறக்கும்!"

யானைகள் வேறு குளத்துக்குப் போய்விட்டன. ஏரிப் பறவைகள் கூட்டமாகக் கிளம்பின. துளிரனும் எழும்பினான். கரையைத் தாண்டுவதற்குள் சேற்றில் விழுந்தான். கருமேனி மறைத்து வைத்திருந்த இருவரும் அங்கேயே விழுந்தார்கள். பொன்னலகி சேற்றில் இறங்கி அவர்களுக்குக் காவல் நின்றாள். துளிரனின் தாய் ராஜாவின் குகைக்குப் பறந்தாள்.

"ராஜா! என் பிள்ளை சேற்றில் கிடக்கிறான்!"

"உன் பிள்ளையா? அப்படி ஒருவன் கணக்கிலேயே இல்லையே!" என்று மரங்கொத்தி பதறினார்.

யானைகள் திரும்பி வருவதற்குள் கருமேனியின் குஞ்சுகள் இரண்டும் வெயில் தாங்காமல் இறந்துவிட்டன. துளிரனை மட்டும் உயிரோடு ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்தார்கள். அரிவாள்மூக்கன் அவன் சிறகை மெல்லத் தடவிப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"எலும்பு முற்றிவிட்டது. முதல் பருவத்திலேயே காட்டியிருந்தால் நேராக்கியிருப்பேன்."

"அப்படியானால் நான் பறக்கவே மாட்டேனா?" என்று துளிரன் கேட்டான்.

"ஏன் மறைத்தாய்?" என்று அங்கே வந்திருந்த சிங்கராஜா பொன்னலகியிடம் கேட்டார்.

"வேலை போய்விடும் என்று பயந்தேன், ராஜா. உதவி கேட்டால் அதுவே குற்றமாகிவிடும் என்று பயந்தேன்" என்று பொன்னலகி அழுதாள்.

"நான் வந்தவர்களைத்தான் எண்ணினேன். வராதவர்கள் யார் என்று கேட்கவே இல்லை" என்றார் மரங்கொத்தி.

"பயத்தை உண்டாக்கியவன் நான்தான்" என்றார் சிங்கராஜா. "இனி உதவி கேட்கும் ஆசிரியருக்குத் தண்டனை கிடையாது. மரங்கொத்தியாரே, முதலில் நாணலுக்குள் போய்ப் பாருங்கள். பிறகு மற்றவர்களை அளக்கலாம்."

சட்டம் திருந்தியது. துளிரனின் சிறகு திருந்தவில்லை. மழை பெய்து கூட்டம் ஏரிக்குத் திரும்பியபோது, அவனும் தாயும் ஆற்றங்கரையிலேயே தங்கிவிட்டார்கள்.

குறையைக் கண்டு உதவுவதற்கான அளவுகோலைத் தண்டிக்கும் கோலாக மாற்றினால், குறை தீராது, ஒளிந்துகொள்ளும்.